பாயும் பால்கனியும்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் மச்சில் ஒரு கட்டுக் கோரைப்பாய் உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கும். பங்குனி கழிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் ஆச்சி அதை இறக்கச் சொல்வாள். முற்றத்தில் வெயில் காயவைத்து, தட்டி, மூட்டைப்பூச்சி பார்த்து, தார்சாவின் மூலையில் அடுக்கிவிட்டால் விருந்தாட்கள் வரப்போகிறார்கள் என்று பொருள். 1974 மே மாதம் அந்தக் கட்டிலிருந்த பதினாலு பாய்களும் விரிந்தன. எண்ணிச் சொல்லும் வேலை என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது.

சென்ற சித்திரையில் மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். பிள்ளைகளோடு நாலு நாள் கன்னியாகுமரியில் தங்க வேண்டும். நான் இப்போது இருப்பது நாகர்கோவிலில் இரண்டு அறை அடுக்கு வீட்டில். பழைய வீடு பாகம் பிரிந்து கைமாறி வெகுகாலம் ஆயிற்று. “பிள்ளைங்களுக்குக் கண்ணு முழிச்சா கடல் தெரியணும்ப்பா. நீங்க ஊர்க்காரர்தானே, எது நல்ல ஹோட்டல்னு சொல்லுங்க” என்றான். எனக்குத் தெரியவில்லை. ஊர்க்காரனுக்கு ஊர் லாட்ஜைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறுபது வருஷமாக இங்கே இருக்கிறேன், கன்னியாகுமரியில் ஒரு இரவு காசு கொடுத்துத் தூங்கியதில்லை.

அந்த மே மாதம் மதராஸிலிருந்து பெரிய அத்தை குடும்பமும் மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பமும் வந்தார்கள். நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது. மதராஸ்காரர்கள் மீட்டர் கேஜ் வண்டியில் ஒரு இரவு முழுக்கக் கரியும் புகையும் தின்று, மறுநாள் திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் தலைமுடி கலைந்து மீனாட்சிபுரம் பஸ் நிலையத்தில் வந்து நிற்பார்கள். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து தண்டவாளம் கன்னியாகுமரிக்கு வந்தது. 1981-இல் திருநெல்வேலிப் பாதையும் நாகர்கோவிலைத் தொட்டது. இன்று எழும்பூரில் விடிகாலையில் ஏறினால் வந்தே பாரத் ஒன்பது மணி நேரத்துக்குள் நாகர்கோவிலில் இறக்கிவிடுகிறது. கணவாயின் காற்று அதே காற்றுதான். அதைப் பிடித்துச் சுழலும் காற்றாலைகள் மட்டும் புதியவை. ரயில் கண்ணாடி திறக்காததால் அந்தக் காற்று இப்போது யார் தலைமுடியையும் கலைப்பதில்லை.

எங்கே தங்குவது என்பது அந்தக் காலத்தில் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. மதுரைச் சித்தப்பா ஒருமுறை, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிரமம் கொடுக்க வேண்டாமே என்று கன்னியாகுமரியில் ரூம் போடும் எண்ணத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டார். ஆச்சி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் வந்து வாசற்படி ஏறும்போதே பிடித்துக்கொண்டாள். “வீடு கெடக்கும்போ துட்டு குடுத்து ஒறங்கவா வந்தியோ?” சித்தப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீடில்லாதவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முக்கடல் தீர்த்தமாட வருகிறவர்கள் சத்திரத்திலும் மடத்திலும் கோயில் சுற்றிலும் படுத்தார்கள். அரசு உத்தியோகஸ்தர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் திருவிதாங்கூர் சர்க்காரின் விடுதி இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்தச் சொத்து மட்டும் கேரளத்தின் கையிலேயே தங்கிவிட்டது. கேரளா ஹவுஸ் என்ற பெயரில் இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பழைய சத்திரங்களைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை இந்த ராஜ்யத்தில் கோயில் தெருவில் கால்வைப்பதற்கே சாதி பார்த்தார்கள். ஊட்டுப்புரைச் சோறு பிராமணர்களுக்கானது. இன்று செயலி உங்கள் பெயரையும் ஊரையும் கேட்கிறது, ஆதார் எண்ணைக் கேட்கிறது, அட்டையின் பின்னாலிருக்கும் மூன்று இலக்கத்தைக் கேட்கிறது. சாதியைக் கேட்பதில்லை. பெற்றதைக் கணக்கெழுதினால் முதல் வரியில் இதைத்தான் எழுத வேண்டும்.

1970 செப்டம்பரில் விவேகானந்தர் பாறை நினைவாலயம் திறந்த பிறகு ஊர் வேறானது. யாத்திரை என்றிருந்தது டூர் ஆயிற்று. 1972-இல் தொடங்கிய விவேகானந்த கேந்திரம் நூறு ஏக்கர் அளவில் விவேகானந்தபுரத்தை உண்டாக்கியது. குடும்பத்துக்கு அறை, கூட்டத்துக்கு நீளக் கூடம், எளிய சாப்பாடு, மரத்தடியில் மயில். அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஓட்டல் தமிழ்நாடு கட்டியது. பிறகு ரயில் வந்தது. கடற்கரைச் சாலையிலும் கோவளம் போகும் வழியிலும் லாட்ஜுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிப் பார்ப்பதுபோல் எழும்பின. வங்காளியிலும் இந்தியிலும் பெயர்ப்பலகைகள் வந்தன. 2011-இலிருந்து திப்ருகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி இங்கே வந்து நிற்கிறது. அதற்கப்பால் ஓட நிலம் இல்லை.

எண்பதுகளில் ரூம் போடுவது என் அப்பாவின் வேலையாக இருந்தது. எங்கள் வீட்டில் தங்க முடியாத அளவு தூரத்து உறவுகள், அலுவலக நண்பர்கள், அவர்களுடைய மேலதிகாரிகள் எல்லாரும் அப்பாவுக்கு இன்லேண்டு லெட்டர் போடுவார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவார். ஒன்றிரண்டு முறை நானும் கூடப் போயிருக்கிறேன். அறையைத் திறந்ததும் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகி, உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு என்றால் வேறு லாட்ஜ். அடுத்தது ஜன்னல். கம்பிக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையுமா என்று தன் முஷ்டியை விட்டுப் பார்ப்பார். பிறகு கீழே போய்ப் பக்கத்தில் பால் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று டீக்கடையில் விசாரிப்பார். கடல் தெரிகிறதா என்று அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கடல் வெளியே இருந்தது, நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். விடிவதற்கு முன் லாட்ஜ் பையன் வராந்தா நெடுக ஒவ்வொரு கதவாகத் தட்டி “சன்ரைஸ், சன்ரைஸ்” என்று எழுப்புவான். கைக்குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறுவார்கள்.

மகன் அனுப்பிய பட்டியலில் பதினொரு ஹோட்டல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முப்பது நாற்பது படங்கள். அறைகள் ‘சீ வியூ’, ‘பார்ஷியல் சீ வியூ’, ‘சிட்டி வியூ’ என்று மூன்று சாதியாகப் பிரிந்திருந்தன. (சிட்டி வியூ என்பது பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி. இதை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) பெரியவர் இரண்டு, குழந்தைகள் இரண்டு என்று எண்ணிக்கையைத் தட்டியதும் குழந்தைகளின் வயதைக் கேட்டது. ஐந்து முடியாத பேத்திக்குக் கட்டணமில்லை. ஒன்பது வயதுப் பேரனுக்குக் கூடுதல் படுக்கை, அதற்குத் தனித் தொகை. எங்கள் ஆச்சியிடம் யாரும் வயதைச் சொன்னதில்லை. பாய் போதாவிட்டால் பிள்ளைகளைக் குறுக்கே போடுவாள். நீளவாக்கில் மூன்று பேர் படுக்கும் இடத்தில் குறுக்கே ஐந்து பேர் அடங்குவார்கள்.

ஆனால் அந்தப் பதினாலு பாய்களில் கடைசியாக விரிந்ததும் முதலில் சுருண்டதும் அம்மையின் பாய். இதை எழுதாமல் விட்டால் என் கணக்கு பொய்க்கணக்கு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அத்தனை பேருக்கும் புட்டுக்கு மாவு நனைத்து, பயறு அவித்து, மத்தியானத்துக்குத் தீயலும் அவியலும் வைத்து, ராத்திரி மரச்சீனியும் சாளைக்கறியும் ஆக்கி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கும்போது பதினொன்று ஆகியிருக்கும். விருந்தாட்கள் இருந்த பதினெட்டு நாளில் அம்மை கடல் பார்க்கப் போனது ஒரே ஒரு நாள். அன்றும் புளிச்சோறு கட்டிய தூக்குவாளி அவள் கையில்தான் இருந்தது. என் மருமகள் இந்த முறை நாலு நாளும் அடுக்களைப் பக்கம் போகவில்லை. காலை உணவு அறை வாடகையிலேயே அடக்கம். அவள் பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு மத்தியதரைக் கடலோரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். அங்கே பெரும்பாலான கரைகளில் ஏற்றவற்றம் ஓரடி உயரம்கூட வராது. பள்ளி விடுமுறை விழும் ஜூலை, ஆகஸ்டில் கடல் அநேகமாகக் குளம்போலக் கிடக்கும். ஆகவே அங்கே விடுதி பார்க்கிறவன் கேட்பது, வாசலிலிருந்து தண்ணீர் எவ்வளவு பக்கம் என்பது. நம் கதை நேர்மாறு. நமக்குப் பள்ளி விடுகிற சித்திரை, வைகாசியில்தான் கள்ளக்கடல் வரும். எங்கோ தெற்கே, இந்துமாக்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். வானம் சிரிக்கும், தண்ணீர் காலை வாரும். அதனால்தான் அதற்குக் கள்ளன் பெயர். பின்னாலேயே ஆனி, ஆடிக் கடல். குழந்தையோடு வருகிறவன் இங்கே கேட்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு தூரம் என்று.

இதைப் பாட்டாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவருக்கு மணக்குடியில் ஒரு கூட்டுக்காரர் இருந்தார். கட்டுமரத்துக்காரர். வீட்டுக்குக் கருவாடு கொண்டுவருவார், திரும்பும்போது நெல்லும் தேங்காயும் கொண்டுபோவார். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதென்றால் பாட்டா முதலில் எங்களை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் கைவைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவருக்கு அதில் தெரியும். “இன்னைக்குக் கடலு சரியில்ல மக்களே. காலு நனைச்சிட்டுப் போங்க” என்றால் அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது. பழையாறு கடலில் சேரும் பொழி அடைத்திருந்தால் உள்ளே காயல் தண்ணீரில் இடுப்பளவில் குளிக்கவிடுவார். அந்தப் பதினெட்டு நாளில் நாங்கள் கடலில் முங்கியது இரண்டே நாள். அதுவும் குமரித்துறையில், பாறைகளுக்கு நடுவே அலை அடங்கிய இடத்தில், பெரியவர்கள் கைபிடித்து. மற்ற நாளெல்லாம் சுசீந்திரத்துப் பக்கம் பழையாற்றில், அல்லது குளத்தில், ஒருநாள் திற்பரப்பு அருவியில். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் நீச்சல் படித்தது நல்ல தண்ணீரில்தான்.

2004 டிசம்பர் 26 காலையில் மணக்குடிப் பாலத்தைக் கடல் கொண்டுபோனது. பாறையில் நினைவாலயம் பார்க்கப் போன நூற்றுக்கணக்கானவர்கள் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றார்கள். குளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு என்று கடற்கரை ஊர்களில் செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம். பாட்டாவின் கூட்டுக்காரர் அதற்குப் பல வருஷம் முன்பே காலமாகிவிட்டார். அவர் வீடு இருந்த வரிசை அன்று போயிற்று. அதற்குமுன் தரைத்தளத்தில் கடல் பார்த்த அறைக்குத்தான் வயதானவர்களும் பிள்ளைக்காரிகளும் ஆசைப்படுவார்கள். அதற்குப் பிறகு போனில் கேட்கிற முதல் கேள்வி “எத்தனாவது மாடி?” என்று மாறியதை லாட்ஜ்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சாவுகள் ஒன்றைக் கொண்டுவந்தன. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. அந்த மையத்தை நடத்தும் கடல்சார் தகவல் நிறுவனம் இப்போது கள்ளக்கடலுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, எந்த மாவட்டம், எந்த நாள், எத்தனை மணி என்று. மணக்குடிக்காரர் கரையில் நின்று சொன்னதைவிட இது முந்தி வருகிறது. ஆனாலும் 2024 மே 6-ஆம் தேதி, எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில், ராஜாக்கமங்கலம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிள்ளைகள். அறிவிப்பு எல்லார் போனுக்குள்ளும் வந்துவிட முடியும். கையைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும்.

நாலு நாளும் நான் மகன் குடும்பத்தோடு அந்தப் பட்டியலில் இருந்த ஒரு ஹோட்டலில் இருந்தேன். ஆறாவது மாடி. பால்கனியில் நின்றால் இடப்பக்கம் அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம், நேரே பாறை, அதன் பக்கத்தில் 133 அடி வள்ளுவர், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். கண்ணுக்கு நிறைவான காட்சி, மறுப்பதற்கில்லை. பேரன் முதல் நாள் காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து, மே மாதக் கடைசிச் சூரியன் வருவதைப் படுக்கையில் இருந்தபடியே பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனான். லாட்ஜ் பையன் கதவு தட்டவில்லை. தட்ட வேண்டிய தேவையும் இல்லை. சாயங்காலம் சூரியன் கடலில் விழும் என்று விளம்பரத்தை நம்பிக் காத்திருந்தார்கள். மே மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். முனையிலிருந்து பார்த்தால் கரைப்பக்கம், தென்னைகளுக்குப் பின்னால் மறையும். கடலில் விழுவதைப் பார்க்க மார்கழி, தையில் வர வேண்டும். அப்போது சபரிமலை சீசன், அறை வாடகை வேறு கதை. செயலியில் இதெல்லாம் எழுதியிருக்கவில்லை.

குழந்தைகள் நாலு நாளும் தண்ணீரில்தான் கிடந்தார்கள். ஹோட்டல் நீச்சல் குளத்தில். பெரியவர்களுக்கு நாலரை அடி, பக்கத்தில் பிள்ளைகளுக்கு இரண்டடியில் ஒரு சின்னக் குளம், நீலச் சதுர ஓடு பதித்தது, குளோரின் மணத்தது. அங்கிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே கடல் தெரிந்தது. சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். மருமகள் நிம்மதியாக இருந்தாள். நானும்தான். ஆனால் ஒன்பது வயதுப் பேரன் நாலு நாள் கடலோரத்தில் தங்கிவிட்டு, உப்புத் தண்ணீர் உதட்டில் படாமல் ஊர் திரும்பவிருந்தான்.

மூன்றாம் நாள் அவனைச் சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடந்தன. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அதே நாளில் முட்டத்திலும் குளச்சலிலும் படகுகள் போய்க்கொண்டிருந்தன, ஏனென்றால் மேற்குக் கடலுக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல், இரண்டு சட்டம். பேரனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. “அப்போ மீனுக்கு எந்தப் பக்கம் போனா தப்பிக்கலாம்னு தெரியுமா, தாத்தா?” என்றான். தாத்தா என்கிறான், எங்கள் வீட்டில் பாட்டா என்ற சொல் என் தலைமுறையோடு நின்றுவிட்டது.

படகின் நிழலில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர். கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, நெற்றியில் கைவைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்து, “அந்த மண்டபத்துப் பக்கம் போ மக்களே, பாறை இடுக்குல. முட்டுக்கு மேல வேண்டாம். அப்பாப்பன் கையை விட்டுராத” என்றார். போனோம். முழங்கால் வரை நனைந்தான். ஒரு அலை மட்டும் முகம்வரை தெறித்தது.

மே மாதத்தில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் எந்த மாடியில் வேண்டுமானாலும் அறை எடுங்கள். குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், பால்கனிக் கம்பியின் இடைவெளியைப் பாருங்கள், ஐதராபாத் எச்சரிக்கையைப் பாருங்கள். கடலுக்கு இறங்கும் முன் மட்டும், கரையில் வலை பொத்துகிற யாரிடமாவது இன்று கடல் எப்படி என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். சொல்வார்கள், துட்டு கேட்கமாட்டார்கள்.